குளிப்பாட்டும் முன் கையைப் பழக்குங்கள்: குமரி மாவட்டத்தில் புதிதாக நாய்க்குட்டி வளர்ப்பவர்களுக்கு

குமரி மாவட்டத்தில் நாய் வளர்ப்பவருக்கு உண்ணி பார்க்கும் வேலை ஆண்டு முழுக்க உண்டு. ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து மண் காய்வதற்குள் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். இந்த ஈரத்திலும் வெக்கையிலும் உண்ணி நன்றாகப் பெருகும். ஒரு பெண் உண்ணி சுவர் வெடிப்பிலோ கூட்டின் இடுக்கிலோ போய் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். உண்ணி கடித்து வரும் காய்ச்சலில் நாய் சாப்பாட்டை ஒதுக்கும், ஈறு வெளுக்கும், சிலவற்றுக்கு மூக்கில் ரத்தம் வரும். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. உண்ணி ஒளிந்திருக்கும் இடங்களோ விரல் இடுக்கு, காது மடல், அக்குள், கழுத்துப் பட்டையின் அடிப்பக்கம். தொட்டால் நாய்க்குச் சுத்தமாகப் பிடிக்காத இடங்கள் எவையோ, அவையேதான்.

அதனால் புதுக்குட்டி வந்த முதல் மாதத்தில் அது பளபளவென்று இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். பாதத்தைக் கேட்டால் தருகிறதா, காதைத் திறந்தால் சும்மா இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பிரஷ், ஷாம்பூ, நகவெட்டி எல்லாம் அதற்குப் பிறகுதான்.

நம் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் தலைகீழ். 45 நாள் குட்டி அட்டைப்பெட்டியில் வந்து இறங்கும். "ஒரே நாத்தம், முதல்ல குளிப்பாட்டு" என்று ஆச்சி சொல்லுவார். ஒருவர் கிணற்றுத் தண்ணீரைக் கோர, ஒருவர் பிடரியைப் பிடிக்க, பிள்ளைகள் சுற்றி நின்று கூச்சல் போட, துவைக்கிற கல்லில் வைத்துத் துணிச்சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி முடித்துவிடுவார்கள். குட்டி சுத்தமாகிவிடும். அதோடு தண்ணீர், சோப்பு வாடை, துவைக்கிற கல், தன்னை நோக்கி நீளும் கை எல்லாம் ஆபத்து என்பதையும் அன்றே படித்துவிடும். பிறகு அது வளர்ந்து, கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு பல்லைக் காட்டும்போது நாயின் குணத்தைக் குறை சொல்லுவோம்.

பிறந்த 3ஆவது வாரத்திலிருந்து ஏறத்தாழ 14ஆவது வாரம் வரை குட்டிகள் புதிய விஷயங்களை எளிதில் ஏற்கும். 8 வாரமாவது தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் இருந்துவிட்டு வருவது நல்லது. அப்படி வந்தால் உங்களுக்குக் கிடைப்பது ஒன்றரை மாதம். அதற்கு மேல் பழக்கவே முடியாது என்றில்லை, பொறுமைதான் கூடுதலாக வேண்டும். தெருவில் இருந்து எடுத்து வந்த, கொஞ்சம் வளர்ந்த நாட்டுக்குட்டிக்கும் இதே வழிதான்.

முதல் படி: கையில் தின்பண்டம்

கடையில் விற்கும் பிஸ்கட் அவசியமில்லை. வேகவைத்த கோழி, அவித்த முட்டையின் வெள்ளை, முள் நீக்கி உப்பில்லாமல் அவித்த சாளை மீன், மட்டிப்பழத் துண்டு என்று நம் அடுக்களையில் இருப்பதே போதும். ஒரு துண்டு பயறு அளவுக்கு மேல் வேண்டாம். நாளின் மொத்தச் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்குக்குள் இது அடங்க வேண்டும். குழம்பில் கிடந்த மீனைக் கழுவிக் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். உள்ளியும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களைக் கெடுக்கும். கருவாட்டில் உப்பு அதிகம். முந்திரிப்பழம் (திராட்சை), சாக்லேட் பக்கமே போகக் கூடாது. வேர்க்கடலை வெண்ணெய் வாங்கினால் அதில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்த்திருக்கிறதா என்று டப்பாவைப் பாருங்கள். அது நாய்க்கு விஷம்.

இரண்டாம் படி: தொட்ட பிறகு தீனி

இந்த வரிசை மாறக் கூடாது. முதலில் தொடுவது, அடுத்த நொடி தீனி, பிறகு கையை எடுத்துவிடுவது. தீனியை முதலில் காட்டிவிட்டு, குட்டி அதைத் தின்னும் நேரத்தில் காலைப் பிடித்தால், தீனி காட்டினாலே ஏதோ வில்லங்கம் என்று அதற்குப் புரிந்துவிடும். தீனியைக் கண்டதும் பின்வாங்கும் நாய்கள் அப்படி உருவானவைதான்.

குட்டி விளையாடி முடித்து, ஒன்றுக்குப் போய்விட்டு, கொஞ்சம் அசந்து இருக்கிற நேரம் சரியானது. தரையில் உட்காருங்கள், மேலிருந்து குனிந்து பிடிக்காதீர்கள். தோள், முதுகு, மார்பு என்று அதற்குப் பிடித்த இடங்களில் தொடங்குங்கள். ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு தடவை. அதற்கு மேல் இழுக்காதீர்கள், இன்னும் வேண்டும் என்று அது பார்க்கும்போதே நிறுத்துங்கள்.

பாதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் தடுமாறுவது அங்கேதான். தோளில் கை வையுங்கள், தீனி கொடுங்கள். அடுத்த தடவை அதே கை முழங்கை வரை வழுகி இறங்கட்டும், தீனி. அப்புறம் மணிக்கட்டு. இந்த இடத்தில்தான் குட்டி முதன்முதலாகக் காலை வெடுக்கென்று இழுக்கும். இழுத்தால் விட்டுவிடுங்கள். உங்கள் விரல்கள் இறுகினால் அதன் கால் இன்னும் வேகமாக இழுக்கும். கொஞ்ச நேரம் பொறுத்து, மணிக்கட்டுக்கு ஒரு விரல் மேலேயே நிறுத்தித் தொட்டு, தீனி கொடுங்கள். சில நாளில் மணிக்கட்டைத் தொட்டாலும் கால் அசையாமல் இருக்கும், கண் மட்டும் உங்கள் மறு கையைத் தேடும். "அடுத்த துண்டு எங்கே?" என்று கேட்கிற பார்வை அது. அந்தப் பார்வை வந்த பிறகுதான் பாதத்தை உள்ளங்கையில் ஏந்த வேண்டும். பிறகு ஒவ்வொரு விரலாக மெல்ல அழுத்துவது, நகம் வெளியே வருமளவுக்கு அமுக்குவது, விரல் இடுக்கில் சுட்டுவிரலை நுழைத்துப் பார்ப்பது. உண்ணி உட்காரும் இடுக்கு அதுதான். பின்னங்கால்களுக்கு இன்னும் கொஞ்சம் நாள் கூடுதலாகப் பிடிக்கும்.

காதுக்கும் வாய்க்கும் வாலடிக்கும் இதே முறை. கொட்டாவி விடுவது, உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்புவது, கண்ணின் வெள்ளை தெரிய ஓரப்பார்வை பார்ப்பது, உடம்பு விறைப்பது, இவையெல்லாம் "போதும்" என்று குட்டி சொல்லும் வழிகள். அதையும் கேட்காவிட்டால்தான் உறுமும். உறுமியதற்கு அடித்தால் உறுமலை மட்டும் விட்டுவிடும், பயம் அப்படியே இருக்கும். அடுத்த தடவை முன்னறிவிப்பே இல்லாமல் கடிக்கும்.

கொஞ்சம் தேறிய பிறகு தாடையை உங்கள் உள்ளங்கையில் வைக்கப் பழக்கலாம். தாடை கையில் இருக்கும் வரை நீங்கள் வேலையைச் செய்வீர்கள், எடுத்துவிட்டால் உடனே நிறுத்துவீர்கள் என்பது ஒப்பந்தம். சிராக் படேல் என்ற பயிற்சியாளர் பரப்பிய பக்கெட் விளையாட்டும் இதே அடிப்படைதான். தீனி போட்ட வாளியைக் குட்டி பார்த்துக்கொண்டிருக்கும் வரை தொடுவது, பார்வையை எடுத்தால் நிறுத்துவது. நிறுத்தும் உரிமை தனக்கு உண்டு என்று தெரிந்த நாய்தான் அதிக நேரம் பொறுமையாக நிற்கிறது. கேட்க விசித்திரமாக இருக்கும், செய்து பார்த்தால் தெரியும்.

வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரி நடந்துகொள்வது முக்கியம். நீங்கள் பொறுமையாகப் பழக்குவதும், மாமா வந்து "இங்க கொண்டா, ரெண்டு நிமிஷத்துல முடிச்சித் தாறேன்" என்று அமுக்கிப் பிடிப்பதும் சேர்ந்து நடந்தால், குட்டி மாமாவைத்தான் ஞாபகம் வைத்திருக்கும்.

மூன்றாம் படி: கருவிகளும் சத்தமும்

லாப்ரடார், பீகிள், சிப்பிப்பாறை, ராஜபாளையம், நாட்டுநாய் போன்ற குட்டை முடிக்காரர்களுக்கு ரப்பர் கையுறை அல்லது ரப்பர் பிரஷ் போதும். ஜெர்மன் ஷெப்பர்ட், பொமரேனியன் வகைகளுக்கு அடிமுடி தனியாக இருப்பதால் கம்பிப் பல் பிரஷும் அகலப் பல் சீப்பும் வேண்டும். ஷிட்சூவின் முடி வளர்ந்துகொண்டே இருக்கும். தினமும் சீவ வேண்டும், ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு தடவை வெட்ட வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் ஷிட்சூ வாங்குவதற்கு முன் இதை ஒரு தடவை யோசித்துக்கொள்ளுங்கள். வெயிலுக்கு இதமாக இருக்கும் என்று ஷெப்பர்டுக்கும் பொமரேனியனுக்கும் மொட்டை அடிக்காதீர்கள். அந்த இரட்டை முடிதான் வெயிலைத் தடுக்கிறது, மொட்டையடித்தால் சிலவற்றுக்கு முடி பழையபடி வளர்வதில்லை.

பிரஷை முதல் நாள் தரையில் வைத்துவிட்டு மோந்து பார்க்க விடுங்கள், மோந்தால் தீனி. மறுநாள் பிரஷின் பின்பக்கத்தால் முதுகில் ஒரு தடவல். பிறகுதான் பல் பக்கம். குட்டிகளுக்கு முதலில் சீவ வேண்டிய அளவு முடியே இருக்காது. பிரஷைக் கடித்து விளையாடத் தொடங்கினால் எடுத்து வைத்துவிடுங்கள்.

டிரிம்மரும் ஹேர் டிரையரும் சத்தத்தால் பயமுறுத்தும். குட்டி சாப்பிடும்போது பக்கத்து அறையில் ஓட விடுங்கள், நாளுக்கு நாள் கொஞ்சம் கிட்டே கொண்டுவாருங்கள். அணைத்த டிரிம்மரை உடம்பில் வைத்துப் பழக்குவது தனியாக, சத்தம் தனியாக, இரண்டும் சேர்வது கடைசியாக. பக்கத்துக் கோயில் கொடையோ சர்ச் திருவிழாவோ நடந்து வெடிச்சத்தம் கேட்கும் நாட்களில் இந்தப் பயிற்சியே வேண்டாம். குட்டி ஏற்கெனவே மிரண்டு போயிருக்கும்.

உயரத்தில் நிற்கவும் பழக வேண்டும், டாக்டரின் மேசையும் உயரம்தானே. துவைக்கிற கல்லே போதுமான மேசை. மேலே ரப்பர் பாயோ நனைத்துப் பிழிந்த சாக்கோ விரியுங்கள், கால் வழுக்கினால் அன்றைய பாடம் அத்தோடு கெட்டது. ஒரு கை எப்போதும் குட்டியின் மேல் இருக்கட்டும். போன் அடித்தால் குட்டியையும் தூக்கிக்கொண்டு போங்கள்.

நான்காம் படி: நகம்

டைல்ஸ் தரையில் நடக்கும்போது டக் டக்கென்று நகச் சத்தம் கேட்டால் வெட்டும் நேரம் வந்துவிட்டது. தார்ச்சாலையில் நடக்கும் நாய்க்குக் கொஞ்சம் தேயும், கடற்கரை மணலில் ஓடும் நாய்க்குத் தேயாது. தரையைத் தொடாத உள்பக்கப் பெருவிரல் நகம் எங்கே நடந்தாலும் தேயாது, சுருண்டு சதைக்குள் குத்தும்.

நகத்துக்குள் ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகின்றன. வெள்ளை நகத்தில் இளஞ்சிவப்பாகத் தெரியும், அதற்கு முன்னால் நிறுத்திவிடலாம். கருப்பு நகத்தில் வெளியே இருந்து தெரியாது. மெல்லிய சீவலாக வெட்டி, ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் வெட்டிய முகத்தைப் பாருங்கள். நடுவில் ஈரமான கரும்புள்ளி தெரியத் தொடங்கினால் அங்கே நிறுத்த வேண்டும். தவறி ரத்தம் வந்தால் பதற்றப்படாமல் ரத்தம் நிறுத்தும் பவுடரையோ, அது இல்லையென்றால் சோளமாவையோ அமுக்கிப் பிடியுங்கள், சில நிமிடத்தில் நின்றுவிடும். அன்றைக்கு மற்ற நகங்களைத் தொடாதீர்கள்.

தொடக்கத்தில் ஒரு நாளைக்கு ஒரு நகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருவிரலோடு சேர்த்து முன்கால் ஒன்றுக்கு ஐந்து, பின்கால் ஒன்றுக்குப் பெரும்பாலும் நான்கு, ஆக மூன்று வாரத்துக்குள் ஒரு சுற்று. ஒரே நாளில் முடித்தாக வேண்டும் என்ற அவசரம் உங்களுக்கு மட்டும்தான். வெட்டியைக் கண்டாலே ஓடும் குட்டிக்கு இன்னொரு வழி உண்டு. ஒரு பலகையில் தச்சர்கள் பயன்படுத்தும் உப்புத்தாளை ஒட்டி, அதைச் சுரண்டினால் தீனி என்று பழக்குங்கள். முன்னங்கால் நகங்களைத் தானே தேய்த்துக்கொள்ளும்.

காதும் பல்லும்

தொங்கு காது நாய்களுக்கு மழைக்காலத்தில் காதுக்குள் பூஞ்சை பிடிப்பது நம் பக்கம் சாதாரணம். வாரத்தில் ஒருநாள் மடலைத் திருப்பி மோந்து பாருங்கள். புளித்த வாடையோ காப்பிப்பொடி நிறத்தில் அழுக்கோ இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். பட்ஸ் உள்ளே விடாதீர்கள், எண்ணெய் ஊற்றாதீர்கள். வெளிமடலை ஈரப்பஞ்சால் துடைத்தால் போதும்.

பல்லுக்கு, விரலில் சுற்றிய ஈரத் துணியால் ஈறைத் தடவுவதுதான் தொடக்கம். நாம் தேய்க்கும் பேஸ்ட் ஆகாது, நாய்க்கென்று தனியாக உண்டு. 4 மாதத்துக்கு மேல் பால்பல் விழுந்து, 7 மாதத்துக்குள் 42 நிலைப்பற்களும் முளைத்துவிடும். அந்த மாதங்களில் ஈறு வலிக்கும் என்பதால் வாய்ப்பயிற்சியைக் குறைத்துக்கொள்ளலாம்.

குளியல்

வந்து ஒரு வாரமாவது போகட்டும். அதுவரை அழுக்கிருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் பிழிந்த துணியால் துடையுங்கள். தடுப்பூசி போட்ட கையோடு குளிப்பாட்ட வேண்டாம், எத்தனை நாள் கழித்து என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் காலியான குத்துப்போணியில் ஒரு துவர்த்தை விரித்து, குட்டியை உள்ளே நிறுத்தித் தீனி கொடுங்கள், தண்ணீர் வேண்டாம். அடுத்த நாள் கணுக்கால் அளவுக்கு வெதுவெதுப்பான தண்ணீர். பிறகு கப்பில் மொண்டு முதுகில் மட்டும் ஊற்றுவது. குழாயைத் தலையில் திறந்துவிடும் வேலையே வேண்டாம், முகத்தை ஈரத்துணியால் துடைத்தால் போதும். போணியின் பக்கச்சுவரில் கட்டித்தயிரைத் தடவிவிட்டால் குட்டி அதை நக்கிக்கொண்டிருக்கும்போது உங்கள் வேலை பாதி முடிந்துவிடும்.

துணிச்சோப்பு, மனிதர் ஷாம்பூ, பிள்ளைகள் ஷாம்பூ எதுவும் நாய்த்தோலின் தன்மைக்கு ஒத்துவராது. நாய்க்கான ஷாம்பூவைத் தண்ணீரில் கலந்து பயன்படுத்துங்கள். கடலோர ஊர்களில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் ஷாம்பூ நுரைக்காது, நுரை வரவில்லையே என்று கூடுதலாக ஊற்றினால் அலசவும் முடியாது. ஒரு வாளி நல்ல தண்ணீர் கடைசி அலசலுக்கென்று தனியாக இருக்கட்டும். சொத்தவிளை, முட்டம் கடற்கரைக்குப் பின்னாளில் கூட்டிப் போனால் வந்ததும் உப்பும் மணலும் போக அலசிவிடுங்கள், அதற்கு ஷாம்பூ தேவையில்லை.

காலை பத்து, பதினோரு மணி வாக்கில் குளிப்பாட்டினால் மாலைக்குள் நன்றாகக் காய்ந்துவிடும். துவர்த்தால் ஒற்றி எடுங்கள், அக்குள், விரல் இடுக்கு, காதடி மூன்றையும் மறக்காதீர்கள். மாதம் ஒருமுறை குளித்தால் போதும். வாரா வாரம் குளிப்பாட்டினால் தோல் வறண்டு அரிப்பெடுக்கும்.

உண்ணி கிடைத்தால்

பழக்கியதன் பலன் தெரிவது இங்கேதான். ரப்பர் தோட்டத்துப் பக்கமோ புல்வெளியிலோ போய்வந்த நாய்க்கு அன்றே உடம்பைத் தடவிப் பாருங்கள். நாயுருவி முள்ளும் முடியில் ஒட்டிக்கொண்டு வரும், தோலுக்குள் குத்துவதற்கு முன் எடுத்துவிடலாம். உண்ணி கையில் தட்டுப்பட்டால் கூர்முனைச் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். தீக்குச்சி காட்டுவது, நகத்தில் வைத்து நசுக்குவது இரண்டும் வேண்டாம். ஸ்பிரிட் ஊற்றிய குப்பியில் போட்டு மூடிவிடுங்கள்.

மருந்து விஷயத்தில் பக்கத்து வீட்டு ஆலோசனை ஆபத்து. மண்ணெண்ணெய், பினாயில், கர்ப்பூரம் கரைத்த தேங்காய் எண்ணெய், வாழைக்கு அடிக்கும் புகையிலைக் கஷாயம், மாட்டுக்கு வாங்கிவைத்த உண்ணி மருந்து எல்லாவற்றையும் குட்டிமேல் தடவிப் பார்க்கிறவர்கள் உண்டு. குட்டி நக்கும், தோல் வழியாகவும் உடம்பில் ஏறும், வலிப்பு வந்து செத்துப்போகவும் கூடும். வேப்பிலை போட்டுக் கொதித்து ஆறிய தண்ணீரால் கெடுதல் இல்லை, ஆனால் அதை நம்பி மருந்தை நிறுத்த முடியாது. பிப்ரோனில் என்ற உண்ணி மருந்து ஸ்பிரே மிகச் சிறிய குட்டிக்கும் ஆகும். பிடரியில் விடும் சொட்டு மருந்தும் மாத்திரையும் பொதுவாக 8 வாரத்துக்கு மேல், எடை பார்த்து டாக்டர் தருவார். சொட்டு மருந்து விட்டதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் குளியல் கூடாது. வீட்டில் பூனையும் இருந்தால் பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்தை வாங்கவே வாங்காதீர்கள், பூனைக்கு அது எமன்.

பழக்கும்போது குட்டியின் பல்லோ நகமோ பட்டுத் தோல் கிழிந்தால், சின்னக் கீறல்தானே என்று விடக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி உட்பட அரசு மருத்துவமனைகளில் வெறிநாய்க்கடி ஊசி இலவசம். குட்டிக்கு அந்த ஊசி 3 மாத வயதில்தான் போடுவார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

க்ரூமிங் கடைக்கு எப்போது?

பார்வோ, டிஸ்டெம்பர் தடுப்பூசிகளின் கடைசித் தவணை 16 வாரம் வாக்கில் முடியும். அதற்கு ஒன்றிரண்டு வாரம் கழித்துக் கூட்டிப் போவது பாதுகாப்பு. நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ எந்தக் கடையானாலும் முதல் தடவை வேலை எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மேசையில் ஏற்றி, டிரையர் சத்தம் கேட்க வைத்து, தீனி கொடுத்துக் கூட்டி வந்துவிடுங்கள். கூட்டம் இல்லாத வாரநாள் காலையில் போனால் கடைக்காரரும் முகம் சுளிக்க மாட்டார். நீங்கள் கூட நின்று பார்க்கலாமா, கழுத்துக் கயிற்றில் மாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்களா, கூண்டுக்குள் அடைத்துச் சூடான காற்றில் காயவைப்பார்களா, ஒரு நாய்க்குப் பயன்படுத்திய சீப்பை அடுத்த நாய்க்கு முன் கழுவுவார்களா என்று கேளுங்கள். நின்று பார்க்கக் கூடாது என்று சொல்கிற கடையில் குட்டியை விடாதீர்கள். வேறு கடை பாருங்கள்.